சோற்றில் மறைத்த அரசாணிக்காய்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். இல்லாவிட்டால் அம்மா நடுவில் புகுந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்லிவிடலாம்.

தக்காளி அறுக்கப் போனால் நசுங்கிக் கூழாகிறது என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தப் பெட்டியில் இருப்பது நம் வீட்டுச் சந்தோகு கத்தி, அந்த ஜப்பானியச் சமையல் கத்தி. புதிதாக வாங்கவில்லை, 14 வருஷமாக நான் புழங்கிய அதே கத்திதான். சாணைக்கல்லைத் துண்டில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். நீ இருக்கிற சப்போரோவுக்கு வரும்போது நேரில் கொண்டுவரலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் எடுத்துக்கொண்டு திரிந்தால் குற்றம். இங்கே வந்து 22 வருஷம் ஆகியும், வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் ஜப்பானிய மொழி தேறவில்லை. அதனால் பார்சல் போட்டுவிட்டேன்.

உப்பையும் இரும்பையும் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று உன் அப்பத்தா சொல்லும். பார்சலில் வருவதால் அந்தக் குறையும் இல்லை. இந்த ஊரிலும் கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் 5 யென் காசு ஒன்றைக் கொடுத்துவிட்டால் சரியாம். 5 யென் என்பதும் 'கோ என்', பந்தம் என்பதும் 'கோ என்'. உனக்கு நான் ஜப்பானிய மொழி சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் காசை மறக்காமல் கேட்கச் சொன்னது அம்மா. ஆகஸ்டில் ஓபோன் லீவுக்கு வரும்போது எடுத்து வா.

இதை வாங்கிய நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. 2010, மே மாத லீவு, உனக்கு ஒன்பது வயது. ஒசாகாவிலிருந்து தண்டர்பேர்ட் ரயிலில் ஏறி நேராகத் தகேஃபுவில் போய் இறங்கினோம். இப்போது அந்த ரயில் சுருகாவோடு நின்றுவிடுகிறது, 2024 மார்ச்சில் ஷின்கான்சென் புல்லட் ரயில் வந்த பிறகு மாறித்தான் போக வேண்டும். எச்சிசென் கத்திக்கு அந்த ஊர்தான் தாய்வீடு. 1337-இல் கியோட்டோவிலிருந்து வாள் அடிக்கிற கொல்லர் ஒருவர் நல்ல தண்ணீரைத் தேடி வந்து அங்கே தங்கினார், பக்கத்துக் குடியானவர்களுக்கு அரிவாளும் அடித்துக் கொடுத்தார் என்று கதை சொல்வார்கள். பல கொல்லர்கள் சேர்ந்து ஒரே கூரைக்குக் கீழ் பட்டறை வைத்திருக்கிறார்கள். மேலே நின்று பார்க்க நடைபாதை உண்டு. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ ஒரு மணி நேரம் நகரவில்லை.

கீழே ஒருவர் பழுக்கக் காய்ந்த இரண்டு அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுக்கியில் பிடித்து, பெல்ட்டில் ஓடும் சம்மட்டிக்கு அடியில் கொடுத்தார். மேலே இருப்பதைக் கீழே மாற்றி மறுபடியும் அடி. நீ என் சட்டையை இழுத்து, "அம்மா ரெண்டு சப்பாத்தியைச் சேர்த்துத் தேய்க்கிற மாதிரியே இருக்குப்பா" என்றாய். சரியாகப் பிடித்தாய். மெல்லிய தகடு ஒற்றையாக இருந்தால் சட்டென்று ஆறிவிடும், சம்மட்டியும் ஒரு பக்கம் கூடக்குறைய அமுக்கிவிடும். இரண்டாக வைத்தால் சூடு தங்கும், இரண்டும் ஒரே கனத்தில் விரியும். அந்த ஊருக்கே உரிய வித்தை அது.

கடையில் அலை அலையாகக் கோலம் போட்ட டமாஸ்கஸ் கத்திகளைத்தான் முதலில் காட்டினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கோலம் பல அடுக்குத் தகடுகளைச் சேர்த்து அடித்து வருவது. பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நம் தென்னாட்டு உருக்கு. நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், நம் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அந்தப் பக்கத்தில் பிறந்தவன் இந்தக் கோலத்துக்கு மேற்கொண்டு காசு கொடுப்பானா? சாதாரண அலகாக, அலகு 16.5 சென்டிமீட்டர் நீளத்தில், மாக்னோலியா மரக் கைப்பிடியும் கழுத்தில் எருமைக் கொம்பும் வைத்த இதை எடுத்தேன். 15,000 யென். அந்தக் காசுக்கு ஊரில் ஆடு வாங்கலாம் என்றாள் அம்மா. பெட்டியில் சுமந்து வந்த அரிவாள்மனையைத் தத்தாமிப் பாயில் போட்டு உட்கார்ந்து கீரை அரிகிறவள், வேறென்ன சொல்வாள்?

அலகின் பக்கவாட்டில் ஒரு 'அ' இருக்கும், பார். பெயர் வெட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னபோது நான் காகிதத்தில் அதை எழுதிக் காட்டினேன். அவர் சிற்றுளிக்கு நேர்க்கோடுகள்தான் பழக்கம். அந்தச் சுழியை வளைக்க முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொடிப்பொடியாகக் கொத்தினார். அதனால்தான் உன் 'அ' கொஞ்சம் கட்டம் கட்டமாக இருக்கிறது.

எவர்சில்வர் கத்திதானே, கழுவிப் போட்டால் ஆயிற்று என்று இருந்துவிடாதே. நம் ஊரில் அந்தப் பெயரை வைத்தவன் யாரோ, என்றைக்கும் வெள்ளி என்று ஜனங்களை நம்பவைத்துவிட்டான். எவர்சில்வர் கரண்டியில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், கரி, அதாவது கார்பன், மிகக் கொஞ்சம். துரு அண்டாது, ஆனால் அதில் கத்தி செய்தால் உன் தக்காளிக்கு நேர்ந்த கதிதான். இந்தக் கத்தியில் கூர் நிற்கிற நடு உருக்கு வி.ஜி.10 என்கிற ரகம், தகேஃபுவிலேயே தயாராவது. குரோமியம் 15 பங்கு, கரி 1 பங்கு, கூடவே கொஞ்சம் கோபால்ட். கரிதான் கூர்மைக்குத் தேவையான கடினத்தைக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கரியே குரோமியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். மீதிதான் மேலே படலமாக நின்று துருவைத் தடுக்கும். எலுமிச்சம்பழம் அறுத்து, உப்பு பட்டு, ராத்திரி முழுக்கத் தொட்டியில் கிடந்தால் காலையில் புள்ளி விழுந்திருக்கும். அறுத்ததும் கழுவித் துடைத்து வை, அவ்வளவுதான். டிஷ்வாஷரில் போடவே போடாதே.

இதையெல்லாம் கையாலேயே செய்தது என்று விற்பதில் எனக்கு ஒரு முனகல் உண்டு. ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பட்டறையில் ஒட்டவைப்பது பெரும்பாடு, அதன் மேலேறும் படலம் ஒட்ட விடாது. அதனால் நடுவில் கடின உருக்கும் இரண்டு பக்கமும் மெத்தென்ற உருக்குமாக ஆலையிலேயே சேர்ந்துதான் பெரும்பாலும் வருகிறது. பழைய கரி உருக்கை 800 டிகிரி பக்கத்தில், இருட்டில் நிறம் பார்த்தே கொல்லர் தண்ணீரில் தோய்த்துவிடுவார். இதற்கு 1000 டிகிரிக்கு மேல் வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் கெட்டுவிடும், மீட்டர் வைத்த உலைதான் சரி. அப்புறம் பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர்விப்பதும் உண்டு. கை வேண்டிய இடத்தில் கை, உலை வேண்டிய இடத்தில் உலை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மறைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. இல்லை, அப்படிச் சொல்வதும் பொய். இதைச் சொல்லத்தான் கடிதமே.

2013 டிசம்பர், தோஜி நாள், வருஷத்திலேயே பகல் குறைந்த நாள். பக்கத்து வீட்டு அம்மா முழு கபோச்சா ஒன்று கொடுத்தார்கள், நம் அரசாணிக்காய்க்குத் தங்கச்சி மாதிரி, பச்சைத் தோலும் கல்லு மாதிரி உடம்பும். நீங்கள் இரண்டு பேரும் தூங்கப் போன பிறகு, காலைக்குப் பொரியலுக்கு நறுக்கி வைத்துவிடலாம் என்று நான்தான் இந்தக் கத்தியை அதில் இறக்கினேன். பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. நிதானமாக உருவி எடுத்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். இந்த மாதிரி கத்தி ராக்வெல் அளவில் 60-ஐத் தொடும் கடினம். நேராக அழுத்தினால் எதையும் அறுக்கும், பக்கவாட்டில் நெளித்தால் முருங்கைக் கிளைதான். இதைத் தெரியாதவன் செய்தால் சரி. உருக்கைக் காய்ச்சி ஆற்றிப் பதப்படுத்துகிற ஹீட் ட்ரீட்மெண்ட் வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

மறுநாள் காலை அம்மா கத்தியை எடுத்து, விளிம்பில் அரிசிக் குருணை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறதே என்றாள். நான் உன்னைக் கூப்பிட்டேன். "நான் யுசு பழம் மட்டுந்தான் அறுத்தேன்" என்றாய், தோஜி வழக்கப்படி குளிக்கிற தண்ணீரில் போட. நான் சத்தம் போட்டேன். நீ அழுதாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். நான் மறைத்தது அரசாணிக்காய். அதிலும் அதே பொரியலை உன் தட்டில் வைத்துவிட்டு.

சாயந்திரமே சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் முரட்டுக் கல்லில் தேய்த்து ஓட்டையை எடுத்தேன், அலகில் 2 மில்லிமீட்டர் போனது. அதற்குப் பிறகு நீ அந்தக் கத்தியைத் தொட்டதே இல்லை. பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாக் காலத்திலும் தோல் சீவுகிற சின்னக் கத்தியிலேயே வெங்காயம் நறுக்கினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தக்காளி கூழாகிறது என்று நீ சொன்னபோது எனக்கு உறைத்தது அதுதான். கத்தியை உடைத்தது அப்பா, கண்ணு. நீ இல்லை. அம்மாவிடமும் நேற்றுதான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பருப்பைத் தாளித்துவிட்டு அந்தக் கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிசாக இருந்தது.

சரி, சாணைக்கு வருகிறேன். நீ இடதுகைக்காரி, ஆனாலும் இந்தக் கத்தியில் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் தீட்டியது, கைப்பிடியும் எண்கோணம். மீன் அறுக்கிற தேபா மாதிரி ஒரு பக்கம் மட்டும் தீட்டியதாக இருந்தால் இடதுகைக்கென்று தனியாகச் செய்ததை வாங்க வேண்டும். என் வலதுகைப் பழக்கத்தில் இதன் விளிம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆரம்பத்தில் வெள்ளரிக்காய் வளைந்து வளைந்து வரும், பயப்படாதே, நீ தீட்டத் தீட்ட உன் பக்கம் திரும்பும்.

கல் 1000-ஆம் நம்பர். தண்ணீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை ஊறவிடு. முதுகுப் பக்கம் உன் சுண்டுவிரல் நுழைகிற அளவு தூக்கிப் பிடித்துத் தள்ளு. கல்லில் சேறு மாதிரி வரும், அதைக் கழுவிவிடாதே, அதுதான் வேலை செய்கிறது. மறுபக்க விளிம்பில் விரல் தடவினால் சொரசொரவென்று பிசிறு தட்டும்வரை தேய்த்துவிட்டுத் திருப்பு. தீட்டுவதற்கும் அரிசி களைவதற்கும் இங்கே 'தோகு' என்று ஒரே சொல் இல்லையா? அரிசி களைகிற பக்குவத்தில் செய், அமுக்காதே. வெங்காயம் நறுக்கும்போது கண் எரியாமல் இருந்தால் கூர் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, பார்த்துச் சொல்கிறேன்.

தேங்காய், எலும்பு, உறைந்த மீன் எதற்கும் இதை எடுக்காதே. நறுக்கியதைப் பலகையிலிருந்து வழிக்கும்போது கூர்ப்பக்கத்தால் வழிக்காதே, திருப்பி முதுகால் வழி.

நீ போயிருப்பதோ ஹொக்கைதோ, நாட்டிலேயே கபோச்சா அதிகம் விளைகிற இடம். இலையுதிர் காலத்தில் யாராவது முழுசாகத் தூக்கிக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள். மைக்ரோவேவில் கொஞ்ச நேரம் வைத்து இளகவிட்டு, கத்தியை நேராக இறக்கு. மாட்டிக்கொண்டால் திருகாமல் உருவி எடு.

அன்புடன்,
அப்பா