பிளேடு விரிசலுக்கு மிஷின்காரர் கூலியில் பிடிக்காதீர்கள்

செங்கோட்டை, தென்காசி வட்டார மர அறுவை மில் முதலாளிகளுக்கு வணக்கம்.

இருபது வருடமாகப் பேண்ட்சா (மேலும் கீழுமாக இரண்டு வீலில் வளையமாகச் சுற்றி ஓடும் நாடா ரம்பம்) பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கிறவன் எழுதுகிறேன். போன மாதம் ஒரு மில்லில் பெரிய புளியந்தடி அறுக்கும்போது பிளேடு அறுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் தடியை வேகமாகத் தள்ளிவிட்டார் என்று சொல்லி, பிளேடு காசை மிஷின்காரரின் வாரக் கூலியில் பிடித்துவிட்டார்கள்.

அறுந்த துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உடைந்த முகத்தில், பல் பக்கம் அரை அங்குலத்துக்குக் கறுத்துப்போய்த் துருவும் மரத்தூளும் அப்பியிருந்தன. மிச்சமெல்லாம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளப்பு. பளபளப்பு அன்றைக்கு அறுந்தது; கறுப்பு, பல நாளாக உள்ளே போய்க்கொண்டிருந்த விரிசல். அந்தத் தடி டிராலியில் ஏறும் முன்பே பிளேடு போய்விட்டது. விரிசல் கிளம்பிய இடம் இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள குழியின் அடி. அங்கே சாணைக்கல்லின் விளிம்பு கீறிய ஒரு கோடு, கோட்டை ஒட்டி நீலம் பாய்ந்த இரும்பு.

அந்த நீலம் சூட்டின் அடையாளம். கல்லை அழுத்திப் பிடித்தால் இரும்பு காய்ந்து, ஆறும்போது கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். கூடவே குழி வளைவாக இல்லாமல் மூலையாக இருந்தால் பிளேடு வாங்கும் இழுவையெல்லாம் அந்த மூலையில் வந்து நிற்கும். இது என் தொழிலில் நடக்கும் தப்பு, மறைக்க ஒன்றுமில்லை. பல் நுனியை மட்டும் தொட்டுவிட்டுக் கொடுக்காமல், குழியின் அடிவரை லேசாகச் சுற்றித் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல் போகும். அதற்கு நேரம் வேண்டும். "அரை மணியில் கொடு" என்று ஆள் அனுப்பினால் அது நடக்காது.

இன்னொரு கணக்கு. 36 அங்குல வீல் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது, பிளேடு 20 அடி நீளம் என்று வையுங்கள். பிளேடின் ஒவ்வொரு இடமும் மேல் வீலிலும் கீழ் வீலிலும் சேர்த்து நிமிடத்துக்கு ஐந்நூற்று அறுபது தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. நாலு மணி நேரத்தில் 1,30,000 தடவையைத் தாண்டும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற கதைதான். தடித்த பிளேடு உழைக்கும் என்று நினைத்து வாங்குகிறீர்களே, அது வளையும்போது இன்னும் அதிகமாக இழுபட்டுச் சீக்கிரம் விரியும். வீல் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிளேடின் தடிமன் இருக்க வேண்டும். 36 அங்குலத்துக்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர்.

வைரம் பாய்ந்த பெருந்தடி என்றால் சங்கடம் கூடுதல். அறுப்பு அகலமானதால் குழிக்குள் தூள் நிறைந்துவிடுகிறது. வெளியே போக வழியில்லாமல் பிளேடை உரசிச் சூடாக்குகிறது. இதற்குப் பல் இடைவெளி பெரிதாக, குழி ஆழமாக உள்ள பிளேடு தனியாக வேண்டும். மழுங்கிய பல்லோடு தள்ளச் சொன்னால் மிஷின்காரர் பலமாகத்தான் தள்ளுவார், வேறு என்ன செய்வார்? அப்போது பிளேடின் முதுகு, அதைப் பின்னால் தாங்கும் ரோலரில் இடித்து, முதுகுப் பக்கம் விரியும். முதுகில் விரிசல் கண்டால் தள்ளிய வேகத்தையும் ரோலர் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகையால் கேட்கிறேன். மிஷினுக்கு ஒரு பிளேடு என்று வைக்காமல் மூன்று நான்கு வையுங்கள். புளி, கருவேலம் அறுக்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற விடுங்கள், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லுங்கள். சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் வீல்களுக்கு நடுவே பிளேடின் இழுவையைத் தளர்த்தச் சொல்லுங்கள். சூடாக நீண்ட பிளேடு ராத்திரி ஆறிச் சுருங்கும்போது இழுவை ஏறும்.

அப்புறம், அறுந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் கொடுத்தனுப்புங்கள், காசு வேண்டாம், எங்கே தொடங்கியது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மிஷின்காரரின் கூலிக் கணக்கைத் தொடாதீர்கள். போன மாதம் பிடித்ததை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிளேடுகளுக்குச் சாணை பிடிக்கிறவன்