அது போதைப் பாட்டு இல்லை, ரகு

அன்புள்ள ரகுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன ஞாயிறு போனில் பீட்டில்ஸ் குழுவின் லூசி பாட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும், "அது போதையில எழுதின பாட்டுப்பா" என்று சொல்லி, வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டாய். அப்புறம் கூப்பிடவே இல்லை. உன் வயதில் இவ்வளவு பெரிய பொறுப்பை நம் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை, அது எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஒரு போன் பண்ண ஐந்து நிமிஷம் போதும்.

நீ சொன்னது ஊரே சொன்னதுதான். 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' என்ற தலைப்பில், எல்எஸ்டி என்ற போதை மருந்தின் எழுத்துகளான எல், எஸ், டி வரிசையாக வருவதால் 1967இல் கிளம்பிய பேச்சு அது. பாட்டை எழுதிய ஜான் லெனன் அந்த நாட்களில் எல்எஸ்டி எடுத்துக்கொண்டவர்தான், மறைக்கவும் இல்லை. ஆனால் இந்தத் தலைப்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார். மகன் ஜூலியன் நர்சரியிலிருந்து ஒரு படம் கொண்டுவந்தான். அவனுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. கூடப் படிக்கும் லூசியை வரைந்து, சுற்றிலும் நட்சத்திரம் போட்டிருந்தான். என்ன இது என்று அப்பா கேட்டார். வைரங்களோடு லூசி வானத்தில் இருக்கிறாள் என்றான். தானும் அப்போது அங்கே இருந்ததாகக் குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் சொல்லியிருக்கிறார்.

பாட்டில் வரும் படகும் ஆறும் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையிலிருந்து வந்தவை. அதில் கடைக்குள் ஓர் ஆடு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கும், கண்மூடித் திறப்பதற்குள் ஆலிஸ் அதைப் படகில் உட்காரவைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பாள். செலோஃபேன் பூவும் செய்தித்தாள் டாக்சியும் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி சேர்த்தவை. தொடக்கத்தில் மணிபோல ஒலிக்கும் லோரி ஆர்கனும் அவர் வாசித்ததுதான். மூன்று மூன்றாக மிதந்துபோகும் தாளம், பல்லவி வந்ததும் நாலுக்கு மாறும். பின்னால் குழுவின் இன்னொருவர் ஜார்ஜ் ஹாரிசன் மீட்டுவது நம் தம்புரா. உன் மகள் மீனுவின் வயதில் நீதான் அதைக் காதால் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாய். உன் காது அப்படி.

போதை ஏற்றிக்கொண்டவர்கள் அப்போது லண்டனில் எத்தனையோ பேர். பிள்ளை நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்துக் கேள்வி கேட்டவருக்குத்தான் இந்தப் பாட்டு கிடைத்தது. இதை நான் மறுபடி மறுபடி சொல்லுவேன்.

அடுத்த வருஷமே, 1968இல், ஜூலியனின் அம்மாவோடு லெனனுக்கு முறிந்துவிட்டது. பிள்ளைக்கு ஐந்து வயது. வெய்பிரிட்ஜ் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய் அவர்களைப் பார்த்தவர் பால்தான். போகிற வழியில் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக அவர் வாயில் வந்ததே 'ஹே ஜூட்' என்ற பாட்டு ஆனது. அப்பாவோடு இருந்ததைவிட பாலோடு பொழுதைக் கழித்ததுதான் அதிகம் என்று ஜூலியன் பின்னாளில் சொன்னார். லூசி பாட்டு உலகமே கேட்டுக் கொண்டாடியது. அதை ஆரம்பித்துவைத்த குழந்தைக்கு அப்பா பக்கத்தில் இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை, ரகு.

அந்த லூசி 2009இல், 46 வயதில், லூபஸ் நோயில் இறந்தார். அவருக்கு நோய் என்று தெரிந்ததும் ஜூலியன் அவரோடு மறுபடி தொடர்பு வைத்துக்கொண்டார்.

சரி. உனக்கும் மீனுவின் அம்மாவுக்கும் நடுவில் இருப்பதை நான் கேட்கப்போவதில்லை, அம்மாவும் கேட்கமாட்டாள். மீனு பாட்டிக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், பஸ் மேல் யானை. அவள் அப்பா உனக்கும் ஒன்று வரைந்திருக்கிறாளாம், நேரில் வந்தால்தான் தருவாளாம். பெங்களூரிலிருந்து கோவைக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். வெள்ளிக்கிழமை ஏறினால் சனிக்கிழமை காலை அவள் எழுந்திருக்கும்முன் போய்விடலாம். டிக்கெட்டை நான் போட்டுத் தருகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா மாவடு போட்டிருக்கிறாள், கொடுத்தனுப்புகிறேன். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா