ராஜகால்வாய் வேலை: ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஈஜிபுராவில் நம் தெருவின் பின்னால் ஓடும் ராஜகால்வாயில் (மழைநீர்க் கால்வாய்) யாரோ மூட்டை மூட்டையாகக் கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறார்கள். பாலத்தடியில் பாதி வழி அடைத்துவிட்டது. நேற்றைய மழையில் மூலைவீட்டுப் பாட்டியின் வாசல்படி வரை சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் ஏரிப் பக்கம் வெள்ளத்தில் பட்ட பாட்டை மறக்க முடியுமா? நம் தண்ணீரும் அந்த ஏரிக்குத்தான் போகிறது.

வரும் ஞாயிறு காலை 10 மணி, பிள்ளையார் கோயில் மண்டபம். வீட்டுக்கு ஒருவராவது வாங்க.

1. நாமே ஜேசிபி வைத்துத் தூர்வார வேண்டாம். மாநகராட்சியின் மழைநீர்க் கால்வாய்ப் பிரிவுக்கு மனு கொடுப்போம், கையெழுத்து வேண்டும்.
2. கால்வாய் ஓரம் சுவர், ஷெட், படிக்கட்டு எதுவானாலும் அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளான்படி (நகரத் திட்டம்) கால்வாயின் நடுவிலிருந்து பெரியதற்கு 50 மீட்டர், நடுத்தரத்துக்கு 25, சிறியதற்கு 15 மீட்டர் காலி இடம் விட வேண்டும். நம்முடையது எந்த வகை என்று சர்வே வரைபடத்தில் பார்த்துக்கொள்வோம். மேஸ்திரி "பார்த்துக்கலாம் சார்" என்றால் நம்பாதீர்கள், இடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.
3. வீட்டுப் பத்திர நகல், அடைப்பின் போட்டோ கொண்டு வாங்க.

வருகிறவர்கள் சனி இரவுக்குள் வீட்டு எண்ணோடு இங்கேயே பதில் போடுங்கள். அப்புறம், பிள்ளைகளைப் பாலத்துப் பக்கம் விடாதீர்கள், தடுப்புக் கம்பி உடைந்திருக்கிறது.