கணக்கெடுக்க வந்தவர்கள் என்னிடம் மட்டும் கேட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளமும் பெண்களும் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றில் இருக்கும் எனக்கு உங்கள் இதழ் இரண்டு நாள் தாமதமாகத்தான் கிடைக்கும். நல்ல கட்டுரை. ஆனால் வெள்ளத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் சாகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்த வரி மட்டும் உறுத்தியது. 2018இல் கேரளத்தில் நடந்தது நேர்மாறு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து தயாரித்த தேவை மதிப்பீட்டு அறிக்கையின்படி இறந்தவர்கள் 433 பேர். ஆண்கள் 268, பெண்கள் 98, குழந்தைகள் 67.

கட்டுரையாளர் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2004 சுனாமியில் கடலூரில் பெண்கள் 391 பேரும் ஆண்கள் 146 பேரும் இறந்ததாக ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனத்தின் கணக்கு சொன்னது. அன்று காலை ஆண்கள் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள். ஆழத்தில் அந்த அலை பெரிதாகத் தெரியவில்லை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். எங்கள் மலைப் பக்கம் கதை வேறு. ஆறு பெருகினால் ஆண்கள்தான் வேடிக்கை பார்க்கவும், மாட்டை அவிழ்த்துவிடவும், தண்ணீர் ஓடும் பாலத்தில் பைக்கை விடவும் போகிறார்கள். ‘ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா’ என்று சொல்லியே வளர்த்திருக்கிறோம். 268இல் அந்தப் பேச்சுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது எந்தப் பேதமும் இல்லை, லயத்தில் (தேயிலைத் தோட்டக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடுகளில்) தூங்கிக்கொண்டிருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆக, யார் செத்தார்கள் என்பதை அந்தந்த ஊர்க் கணக்கை வைத்துத்தான் பேச முடியும். நான் எழுத வந்தது செத்தவர்களைப் பற்றி அல்ல. பிழைத்தவர்களிடம் எடுத்த கணக்கைப் பற்றி.

33 வருடம் எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்துவிட்டு, லயத்தைக் காலி செய்து, கிராஜுவிட்டி பணத்தில் ஆற்றோரம் இரண்டு அறை கட்டிக்கொண்டவன் நான். 2018 ஆகஸ்ட் 15 விடிவதற்கு முன் முல்லைப் பெரியாறு அணையின் மதகுகளைத் திறந்தார்கள். (திறப்பது தமிழ்நாடு, நனைவது கேரளம், அதில் பாதிப் பேர் தமிழர்கள். எந்தப் பக்கம் பேசினாலும் எங்களுக்கு அடி, அதனால் அணை அரசியலை விட்டுவிடுகிறேன்.) வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூட முகாமில் பத்து நாள் இருந்தோம்.

திரும்பி வந்து சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது சேதக் கணக்கெடுக்க இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ‘என்னெல்லாம் போச்சு சேட்டா?’ என்று கேட்டார்கள். கட்டில், டி.வி., மிக்ஸி, பைக் என்று சொன்னேன். வீட்டுக்காரிக்கு என்ன வேலை என்றார்கள். வீட்டு வேலை என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்புறம்தான் வந்து கேட்டாள், ‘என் மெஷினைச் சொன்னீங்களா?’

சொல்லவில்லை. தையல் மெஷின் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், ஓணத்துக்குத் தைக்க அக்கம்பக்கத்தார் கொடுத்த 14 ஜாக்கெட் துணி. ஓணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அது எங்கள் பொருளே இல்லை, அடுத்தவர் பொருள். அவற்றுக்கு ஈடாகத் துணி எடுத்துக் கொடுக்க அவள் காதில் கிடந்தது அடகுக்குப் போனது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிறகு ஆறு கோழி, மழைக்காலத்துக்கு அடுக்கி வைத்த விறகு, சீட்டு நோட்டு. நோட்டு போனதும் யார் எவ்வளவு பாக்கி என்பதில் நான்கு பெண்களுக்குள் சண்டை வந்து, ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

இத்தனைக்கும் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி அவள்தான். அட்டையில் தலைவி அவள், வாசலில் தலைவன் நான்.

கணக்கெடுப்பவர்கள் வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குவார்கள். அந்த நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? பெண்கள் எல்லாம் கொழுந்துக் காட்டில். வீட்டில் இருப்பது என்னைப் போல ஓய்வுபெற்ற கிழங்கள், லீவு போட்ட ஆண்கள், பிள்ளைகள். லயத்து நஷ்டம் எல்லாம் இவர்கள் வாயால்தான் காகிதத்தில் ஏறுகிறது. வீடு கம்பெனியுடையது என்பதால் சுவர் இடிந்தாலும் குடும்பத்தின் நஷ்டமாகாது. மிச்சம் இருப்பது உள்ளே இருந்த சாமான்தான், அதன் கணக்கு தெரிந்தவள் மலைமேல் கூடையோடு நிற்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும், செலவே இல்லை.

முகாமைப் பற்றியும் கட்டுரையில் பாதிதான் இருந்தது. நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் என்ற சர்வதேச விதிமுறைப்படி ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும். நாங்கள் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, அதையே நியாயம் என்று நினைத்தோம். என் மனைவியும் மற்றப் பெண்களும் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சானிட்டரி நாப்கினுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்தது அந்த ஜூலையில்தான். முகாமிலும் பெட்டி பெட்டியாக வந்தது. ஆனால் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தது இளவட்டப் பையன்கள். எந்தப் பெண் போய்க் கேட்பாள்?

ஆண்கள் பக்கமும் எழுதாமல் விடுவது சரியில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வகுப்பறையில் பெண்களை உட்காரவைத்துப் பேசினார்கள். பெண்கள் அழுதார்கள், கொஞ்சம் தெளிந்தார்கள். நாங்கள் வராந்தாவில் பீடி பிடித்துக்கொண்டு நின்றோம், எங்களை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டோம். என்னோடு ஃபாக்டரியில் இருந்த ஒருவர் முகாமுக்கே வரவில்லை. பசுவையும் வீட்டையும் விட்டு வரமாட்டேன் என்று இரண்டு இரவு கூரைமேல் உட்கார்ந்திருந்தார். பசு போய்விட்டது. 2021 டிசம்பரில் மறுபடி ராத்திரியில் மதகு திறந்து தண்ணீர் ஏறியபோது, மழை சத்தம் கேட்டாலே அவர் எழுந்து உட்கார்ந்துகொள்வதாக அவர் மனைவி சொன்னார். அவராகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

வெள்ளத்துக்குப் பின் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரள அரசுத் திட்டத்தின் பெண்கள் சுயஉதவிக் குழு) வழியாக ஒரு லட்சம் வரை கடன் கொடுத்தார்கள், வட்டியை அரசு ஏற்றுக்கொண்டது. இதை நான் குறை சொல்ல மாட்டேன், கந்துவட்டிக்காரனிடம் போகாமல் பலரைக் காப்பாற்றியது. ஆனால் கடன் பெண்களின் பேரில். எங்கள் வீட்டில் அந்தப் பணத்தில் முதலில் வந்தது டி.வி.தான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். தையல் மெஷின் வர இன்னும் ஒரு வருடம் ஆனது. தவணையை மட்டும் மாதாமாதம் அவள் கட்டினாள், கைத்தையலில் வந்த காசில். பெண்களுக்கு இவ்வளவு கோடி என்று அறிக்கைகளில் படிக்கும்போது இந்த டி.வி. எனக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் நிருபர்கள் அடுத்த மழைக்கு இந்தப் பக்கம் வந்தால், ஒரே வீட்டில் ஆணிடம் தனியாகவும் பெண்ணிடம் தனியாகவும் கேட்டு, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பெண்ணிடம் கேட்பவர் பெண்ணாக இருந்தால் நல்லது.

பி.கு.: கடிதத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கோழி ஆறு இல்லையாம், எட்டாம். இரண்டு அடைகாத்துக்கொண்டிருந்தனவாம். மேலே திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
வண்டிப்பெரியாறு.