பிஹுவுக்கு ஊருக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் அசாமியப் பண்டிகையான பிஹுவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாய். கோயம்புத்தூர் வந்த எட்டு வருஷத்தில் தமிழ் வாசிக்கவும் பழகிவிட்டாய். அதனால் நேரில் கேட்கத் தயங்கியதை எழுதுகிறேன்: இந்த முறை உன் அப்பாவிடம் வெண்கலம் அடிக்கக் கற்றுக்கொள்.

போன வருஷம் அசாமில், வெண்கலப் பாத்திரம் செய்யும் உங்கள் ஊரான சார்த்தேபாரியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, பாதம் வைத்த வெண்கலத் தட்டில் உன் அம்மா சோறு போட்டார். 'பான் காஹி' என்றார். சோறு விழுவதற்கு முன் விளிம்பில் நகத்தால் சும்மா ஒரு தட்டு தட்டினேன். சோறு விழும்வரை அந்த ஓசை நீடித்தது.

மறுநாள் உன் அப்பாவின் பட்டறையில், நீங்கள் சொல்லும் கர்சாலில், உட்கார்ந்தேன். உலையில் சிவந்த வட்டை ஒருவர் குறட்டால் பிடித்துத் திருப்ப, மற்றவர்கள் முறை வைத்துச் சம்மட்டி போட்டார்கள். திடீரென்று உன் அப்பா கையைத் தூக்கினார். எல்லோரும் நிறுத்தினார்கள். எனக்கு அந்த வட்டு இன்னும் சிவப்பாகத்தான் தெரிந்தது. சூடு தணிந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார்.

நூற்றுக்குச் சுமார் 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த உலோகம் அது. சூடு தணிந்த பிறகு அடித்தால் வெடித்துவிடும். அசாமிலேயே ஹாஜோ என்ற ஊரில் மரியா சமூகத்தார் அடிக்கும் பித்தளைத் தகடு அப்படியில்லை, ஆறினாலும் வளைந்து கொடுக்கும். இன்னொன்றும் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊர்க் கொல்லர் அரிவாளை இறுக வைக்கத் தண்ணீரில் முக்குவார். உன் அப்பா வெண்கலத்தின் நொறுங்கும் தன்மையைப் போக்க முக்குகிறார்.

ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழைய வெண்கலக் கிண்ணங்களிலும் இப்படி வெள்ளீயம் மிகுந்த உலோகத்தைக் காய்ச்சி அடித்தவை உண்டு. அவற்றை அடித்தவர்களின் பெயர்கூட நம்மிடம் இல்லை. அதை நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

நீ ஊரை விட்டு வந்ததைத் தப்பென்று சொல்லமாட்டேன். மகாஜன் என்ற வியாபாரி உலோகத்தைக் கொடுத்து, செய்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கூலியை மட்டும் கையில் வைத்தால் ஒரு குடும்பம் எப்படி ஓடும்? அந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் 1933-இல் உங்கள் ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் சார்த்தேபாரி உலோகக் கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். அது ஊர்ப் பெயரைக் காக்கும். உன் அப்பாவின் காதுக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போனில் வீடியோ எடுத்து வருகிறேன் என்றாய். எடு. ஆனால் கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், எல்லாச் சிவப்பும் ஒரே ஆரஞ்சாகத் தெரியும். நான் எடுத்ததைப் பார்த்து ஏமாந்தேன். அதனால் பக்கத்தில் உட்கார். அவர் கை தூக்கும் ஒவ்வொரு முறையும் ஏன் என்று கேள். சொல்வதை உங்கள் பேச்சிலேயே எழுதிக்கொள். அப்புறம் சம்மட்டியை நீயே வாங்கு. இரண்டு மூன்று உடையும். உடையட்டும், மறுபடி மூசையில் போட்டு உருக்கிக்கொள்ளலாம்.

பத்து நாள் இதற்குப் போதாது. திரும்பும் டிக்கெட்டை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போடு. லீவுக்கு உன் முதலாளியிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா