காரணம் சொல்லாமல் நீக்கலாமா?

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி பக்கம் போகாதே.

"அதிகாரிகளை நியமிக்கும் அமெரிக்க அதிபருக்கு அவர்களை நீக்க மட்டும் உரிமை இல்லையா?" என்று கேட்டிருந்தாய். அமெரிக்க அரசியல் சாசனத்தில் நியமனத்துக்கு செனட் என்ற மேலவையின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. நீக்குவது பற்றி, நாடாளுமன்றம் கொண்டுவரும் குற்றச்சாட்டுத் தீர்மானத்தைத் தவிர, ஒரு வரி கிடையாது. சண்டை அங்கேதான் ஆரம்பம். போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை செனட் ஒப்புதல் இல்லாமல் நீக்கப்போய், 1868-ல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தன் பதவியையே ஒரு ஓட்டில்தான் காப்பாற்றிக்கொண்டார். நீக்கப்பட்ட போஸ்ட்மாஸ்டர் மையர்ஸ் வழக்கில், நீக்குவதற்கு அதிபர் செனட்டைக் கேட்க வேண்டியதில்லை என்று 1926-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட்; அவரே முன்னாள் அதிபர்!

நீ அவசியம் படிக்க வேண்டியது ஹம்ஃப்ரி வழக்கு. 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட், கம்பெனிகளை விசாரிக்கும் வர்த்தக ஆணையத்தின் உறுப்பினர் ஹம்ஃப்ரியை ராஜினாமா செய்யச் சொன்னார். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருவர் எண்ணமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். மனிதர் மறுத்தார். அக்டோபரில் நீக்கினார்கள். "நான் இன்னும் உறுப்பினர்தான்" என்று நின்றவர் 1934 பிப்ரவரியில் காலமானார். பாக்கிச் சம்பளம் கேட்டு அவருடைய உயில் நிறைவேற்றுநர் வழக்குப் போட்டார். திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு, சட்டம் சொல்லும் இந்தக் காரணங்கள் இல்லாமல் நீக்கக்கூடாது என்று 1935-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஹம்ஃப்ரி பெரிய கம்பெனிகள் பக்கம் சாய்ந்தவர், எனக்குப் பிடிக்காதவர். ஆனாலும் தீர்ப்பு சரி.

அதே ஆணையத்தில் இரண்டு உறுப்பினர்களை 2025 மார்ச்சில் டிரம்ப் நீக்க, வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மக்கள் ஓட்டுப் போட்டது அதிபருக்குத்தானே என்பாய். அமைச்சர்களை அவர் இஷ்டப்படி மாற்றட்டும். கம்பெனிகளை விசாரிக்கிறவர் கதை வேறு. டிரான்ஸ்ஃபர் பயம் வந்த பிறகு ஃபைலில் நோட் எப்படி மாறும் என்பதை நாம் இரண்டு பேரும் பார்த்தவர்கள்தானே? "அனுமதிக்க இயலாது" என்று எழுத வேண்டிய இடத்தில் "மேலிட உத்தரவுக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று வரும். நீக்கட்டும்; காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீக்கட்டும்.

சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை தனியாக வரும். குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிடு, மீதி வாதத்தை நேரில் வைத்துக்கொள்வோம்.

என்றும் அன்புடன்,
ராமு