லேப் தம்பிக்கு ஒரு நன்றி

அப்பா வார்டுக்கு மாறிவிட்டார். நேற்று இட்லிக்குக் காரச் சட்னிதான் வேண்டும் என்று சிஸ்டரிடம் மல்லுக்கு நின்றார், இனி பயமில்லை என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பாவுக்குச் செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றை எதிர்க்கப்போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிற நோய், வந்து ஐசியூவில் இருந்தார். மற்றதையெல்லாம் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

ஐசியூ டாக்டர்கள், சிஸ்டர்கள், பணம் புரட்டித் தந்த ஆபீஸ் நண்பர்கள், கேட்காமலே சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இந்த மடல் லேப்பில் நைட் டியூட்டி பார்த்த தம்பிக்கு.

மூன்றாம் நாள் ராத்திரி ரிப்போர்ட் ஏன் இவ்வளவு நேரம் என்று கவுன்டரில் கத்தியவன் நான்தான். வாங்கிப் பார்த்தால் வெள்ளணு 28,000லிருந்து 2,300க்கு இறங்கியிருந்தது. ‘கவுன்ட் குறைஞ்சிருச்சு, கிருமி அடங்கிருச்சு’ என்று அங்கேயே நின்று வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அது அந்தத் தம்பி காதில் விழுந்திருக்கிறது. கத்தினவன்தானே, எப்படியோ போகட்டும் என்று விட்டிருக்கலாம். “அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க” என்று கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்.

ஊதா நிறத்தில், லாடம் மாதிரி வளைந்த கருக்கள். “நியூட்ரோஃபில்ங்கிறது கிருமியோட சண்டை போடுற ஒரு வகை வெள்ளணு. முத்தினதுன்னா கரு மூணு நாலு துண்டாத் தெரியும். இதெல்லாம் பிஞ்சுண்ணே. இருப்பு தீர்ந்துபோய், அணுவை உண்டாக்குற எலும்பு மஜ்ஜை பிஞ்சையும் பறிச்சு அனுப்புது.” சாதாரணமாக 4,000லிருந்து 11,000 இருக்க வேண்டியது, செப்சிஸில் இப்படிச் சரிந்தால் அணுக்கள் செலவாகிற வேகத்துக்கு மஜ்ஜையால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தமாம். மெஷின் சந்தேகம் காட்டியதால் நூறு அணுவைக் கண்ணால் பார்த்து எண்ணியிருக்கிறார், அதுதான் தாமதம். ஐசியூவுக்கும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். இந்த நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்குமாம், 2004ல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த வலையே அளவு மீறினால் சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். காப்பாற்ற வந்ததே நுரையீரலையும் கிட்னியையும் பதம் பார்க்கும் நோய் இது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் கவுன்ட் ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். 3,100, அப்புறம் 5,600.

தம்பி, உங்கள் பேரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. ரிவ்யூவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். ரிப்போர்ட் வர எத்தனை மணி ஆனாலும் வாயைத் திறக்காமல் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.